எட்டு மீட்டர் பிரேக்

மூன்றாவது பேட்ச் வந்து உட்கார்ந்தபோது டீச்சருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காலையிலிருந்து இதே பாடம்தான். பந்தைப் பிடிக்கிறவன் கையை ஏன் பின்னால் இழுத்துக்கொள்கிறான், மோதி ஒட்டிக்கொண்ட இரண்டு வண்டிகள் சேர்ந்து என்ன வேகத்தில் போகும். இந்த ட்யூஷன் சென்டரில் சேர்ந்ததிலிருந்து அவள் கரும்பலகையில் மோதவிட்ட வண்டிகளை வரிசையாக நிறுத்தினால் ஊர் எல்லையைத் தாண்டிவிடும். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, எல்லா பேட்ச்சுக்கும் சொல்வதையே இவர்களுக்கும் சொன்னாள்.

"கொடுத்திருக்கிறதை முதல்ல எழுதுங்க. கேட்டிருக்கிறது என்னன்னு எழுதுங்க. கடைசிப் பக்கத்துல விடையைப் பாத்துட்டு அதுக்கு ஏத்த மாதிரி கணக்கை வளைக்காதீங்க. எனக்குத் தெரிஞ்சிடும்."

அப்போதுதான் கடைசி பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கால் நீட்ட இடமில்லாமல் ஒருபக்கமாகத் திரும்பி, கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் இயற்பியலில் கோட்டை விட்டு, அத்தோடு படிப்புக்கே முழுக்குப் போட்டவன்.

அண்ணன் டவுன் பஸ் டிரைவர். போன வாரம் ஒரு மத்தியானம், சாலையோரம் நின்றுகொண்டிருந்த பார்சல் வேனின் பின்னால் பஸ்ஸைக் கொண்டுபோய் மோதிவிட்டான். வேன்காரர் பெட்டி இறக்கப் போயிருந்ததால் தப்பித்தார். பஸ்ஸில் நின்றுகொண்டு வந்த ஒரு தையல்காரம்மாவுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிராய்ப்புதான். விசாரணை முடியும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று டெப்போவில் சொல்லிவிட்டார்கள்.

பிள்ளைகள் போன பிறகும் அவன் எழுந்திருக்கவில்லை.

"சாப்டியா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"தொண்டைல எதுவும் எறங்கல. சொல்லு."

"ரெண்டு வண்டி ஒட்டிக்கிட்டுப் போகுதுன்னு இப்ப ஒரு கணக்கு போட்டியே. அது மாதிரி என்னோடதைப் போட முடியுமா?"

டெப்போ மேனேஜர் அவனிடம் விளக்கம் கேட்டிருந்தார். என்ன வேகத்தில் வந்தாய் என்பதுதான் கேள்வி. அந்தச் சாலையில் நாற்பதுக்கு மேல் போகக் கூடாது. பஸ்ஸின் வேகமானி முள்ளோ எப்போதோ படுத்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை. தங்கச்சிதான் பிசிக்ஸ் டீச்சராச்சே, படிச்சவங்க கணக்கு போட்டுக் கொடுத்தா எடுபடும் என்று யோசனை சொன்னது கண்டக்டர். அவருக்கு டெப்போவில் 'சில்லறை' என்று பெயர். யார் என்ன நோட்டை நீட்டினாலும் சில்லறை இல்லை என்பார். பை மட்டும் சலங்கை கட்டினதுபோல் குலுங்கிக்கொண்டே இருக்கும்.

நாளைக்குப் பார்க்கலாமே என்று சொல்ல வாயெடுத்தாள். அவன் கண்களைப் பார்த்துவிட்டுச் சாக்பீஸை எடுத்தாள்.

"கொடுத்திருக்கிறதைச் சொல்லு."

அவன் எழுந்து நின்று சொன்னான். பஸ் ஆட்களோடு சேர்த்துப் பன்னிரண்டு டன். வேன் சரக்கோடு மூன்று டன், பிரேக் போட்டு நின்றது. மோதுவதற்கு முன் ரோட்டில் பஸ் டயர் தேய்ந்த தடம் எட்டு மீட்டர். மோதின பிறகு இரண்டும் ஒட்டிக்கொண்டு இழுபட்டது ஐந்து மீட்டர். போலீஸ்காரர்கள் டேப் வைத்து அளந்திருக்கிறார்கள்.

"இதைப் பின்னாலேர்ந்து போடணும்," என்றாள்.

கடைசியில் இரண்டு வண்டியும் நின்றுவிட்டன. நிறுத்தியது தரையின் உராய்வு. ஐந்து மீட்டரில் நிற்க வேண்டுமென்றால், ஒட்டிக்கொண்ட நேரத்தில் இரண்டுக்கும் இன்ன வேகம் இருந்திருக்க வேண்டும் என்று தெரியும். வேகம் தெரிந்தால் உந்தம் தெரியும். வேன் சும்மா நின்றது, அதனால் மோதலுக்கு முன் அந்த உந்தம் முழுவதும் பஸ்ஸிடம்தான் இருந்தது. அதிலிருந்து பஸ்ஸின் வேகம். அதோடு எட்டு மீட்டர் பிரேக் தின்ற வேகத்தையும் சேர்த்துவிட்டால், பிரேக்கில் கால் வைப்பதற்கு முன் எப்படி வந்தான் என்பது கிடைத்துவிடும்.

"காஞ்ச ரோடுன்னா உராய்வுக்குப் புள்ளி ஆறு போடலாம். போடட்டுமா?"

போட்டாள். ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் வந்தது.

அவன் அந்த ஐம்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தான். "நான் நாப்பதுன்னு சொல்லியிருக்கேன்," என்றான். பிறகு, "அன்னைக்குத் தூறல் இருந்துச்சு."

"மோதறப்பவா?"

"சில்லறையும் அப்படித்தான் சொல்றான். மேனேஜரும் நனைஞ்ச ரோடுன்னு எழுதிக்கோன்னாரு."

அது கேட்டதற்குப் பதில் இல்லை. அவளுக்கும் அது தெரிந்தது. ஆனால் மேலே கேட்கத் தெம்பில்லை. ஆறை அழித்துவிட்டு நான்கு எழுதினாள். வழுக்குகிற ரோட்டில் அதே தடத்துக்கு வேகம் குறைவாகத்தான் வரும். நாற்பது வந்தது, ஒரு அரை கூட. சொல்லி வைத்ததுபோல் வந்து நின்றது.

அவன் மூச்சு விட்டான். சட்டென்று போய்விடுவான் என்று நினைத்தாள். போகவில்லை.

"அந்தம்மா கை, நான் பிரேக் அடிச்சதுல ஒடஞ்சுதா, மோதினதுலயா?"

"மோதினதுல. பஸ் வேகம் ஒரேயடியா கொறைஞ்சிடுச்சு. அவங்க ஒடம்பு பழைய வேகத்துலயே போயிருக்கும். முன்சீட்டுல கையை ஊணியிருப்பாங்க. அத்தனை உந்தமும் இமைக்கிற நேரத்துல அடங்கணும்னா, பாரம் பூரா மணிக்கட்டுலதான் எறங்கும். கொஞ்சம் நேரம் கிடைச்சிருந்தா அடி இவ்வளவு பட்டிருக்காது."

"ஆஸ்பத்திரில போய்ப் பாத்தேன். திட்டுவாங்கன்னு நெனச்சுப் போனேன். 'என்னதான் ஆச்சு தம்பி?'ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான். எனக்கு வாய் வரல."

நாளைக்குச் சுத்தமாக எழுதித் தருகிறேன் என்று அவனை அனுப்பினாள்.

மறுநாள் இடைவேளையில் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். ஒரு பெண் பாதிக் கணக்கில் கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றி, நொண்டி நொண்டி நடந்து, கடைசி வரியில் மட்டும் சரியான விடையில் போய் உட்கார்ந்திருந்தாள். டீச்சர் சிவப்புப் பேனாவால் சுழித்தாள். சுழித்த கை அங்கேயே நின்றது. மிச்சத் தாள்களைக் கட்டி வைத்துவிட்டு, கடைசி பேட்ச்சைக் கூட வேலை பார்க்கும் தோழியிடம் ஒப்படைத்துவிட்டு, விபத்து நடந்த சாலைக்குப் போனாள்.

மெத்தைக் கடை, கண்ணாடிக் கடை, பூட்டிக் கிடந்த ஒரு கிடங்கு. சாலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. வேன் நின்ற இடத்தில் இன்று ஒரு லாரி நின்றது. முக்குத் திரும்பிய இடத்திலிருந்தே அதன் பின்கதவில் எழுதியிருந்ததைப் படிக்க முடிந்தது. மறைப்பதற்கு ஒரு மரம் இல்லை, ஒரு பலகை இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தாள். டயர் தடம் மங்கலாக இன்னும் இருந்தது. ஒரு பஸ்ஸின் நீளம்கூட இல்லை.

ரோடு காய்ந்திருந்தாலும் நனைந்திருந்தாலும் அந்த எட்டு மாறப்போவதில்லை. ஐம்பதில் வந்தால் என்ன, நாற்பதில் வந்தால் என்ன, அத்தனை தூரம் கண்ணெதிரே நின்ற வண்டிக்கு எட்டு மீட்டர் இருக்கும்போதுதான் பிரேக் போட்டிருக்கிறான். நேற்று அவள் வேகத்தைக் கண்டுபிடித்தாள். கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது இல்லை.

அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"வா, உக்காரு. நீயாவது பேசிப் பாரு. வாயில கொழுக்கட்டை வெச்ச மாதிரி உக்காந்திருக்காரு."

அண்ணன் கட்டிலில் இருந்தான். சுற்றி வளைக்க அவளுக்குப் பொறுமையில்லை.

"அண்ணா, முக்குலேர்ந்தே வேன் தெரியுது. பிரேக் எட்டு மீட்டர்தான். அதுவரைக்கும் என்ன பண்ணிக்கிட்டிருந்த?"

அண்ணியின் கை துணியில் நின்றது. கேட்டவள் மேல் கோபப்படுவதா, பதில் சொல்லாதவன் மேல் கோபப்படுவதா என்று தெரியாமல் இருவரையும் பார்த்தாள்.

"கண்ணு சொக்கிடுச்சு," என்றான்.

அப்புறம் தானாகவே வந்தது. முந்தின நாள் சாயங்கால டூட்டி. மாற்று டிரைவர் வராததால் அது இழுத்துக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து உடம்பைச் சாய்த்தது தெரியும், எழுந்தது தெரியும், நடுவில் தூங்கினானா என்று தெரியாது. விடிகாலையில் மறுபடி டூட்டி. மத்தியானம் சாவியைக் கொடுக்கப் போனபோது மேனேஜர், ஆளில்லப்பா, இன்னும் ஒரே ஒரு நடை போயிட்டு வந்துடு என்றார்.

"முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே."

"சொன்னவங்களுக்கு என்ன ரூட்டு கிடைக்குதுன்னு பாத்திருக்கேன். முக்குத் திரும்பினது ஞாபகம் இருக்கு. அடுத்தது கண்ணாடி பூரா வேன்தான்."

"தூறல்?"

"அந்தம்மாவைக் கைத்தாங்கலா எறக்கறப்பதான் மொத துளி விழுந்துச்சு."

அண்ணி மடித்த துணியைக் கீழே வைத்தாள். "நான் சொல்லலியா, நான் சொல்லலியா. சோத்துல கையை வெச்சுக்கிட்டே தூங்குற மனுஷனை வண்டி ஓட்ட அனுப்புறாங்களேன்னு." பிறகு குரல் இறங்கியது. "இதைச் சொன்னா வேலை போயிடுமா?"

யாருக்கும் தெரியவில்லை. டிரைவருக்கு ஓய்வு கொடுக்காமல் அடுத்த டூட்டி கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. தூங்கினேன் என்று அண்ணன் சொன்னால், ஏன் தூங்கினாய், யார் அனுப்பினார்கள் என்று கேள்வி மேலே போகும். அதனால்தான் மேனேஜருக்கு மழை தேவைப்பட்டது. மழைக்கு மெமோ கொடுக்க முடியாது.

"நாப்பதுன்னு வேணும்னா எழுதித் தரேன்," என்றாள் டீச்சர். "கணக்குல தப்பில்ல. நடுவுல போட்ட நம்பர்தான் பொய்."

சொல்லும்போது, அவன் சரி என்று சொல்லிவிட மாட்டானா என்றும் இருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டால் இத்தோடு முடியும். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம்.

அவன் கட்டிலைவிட்டு எழுந்தான். "நீ எழுதாத," என்றான்.

விசாரணைக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். டீச்சர் டெப்போ வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சில்லறை. முடிந்துபோன காரியத்தை இன்னொரு தரம் முயன்று பார்த்தார்.

"அக்கா, ஒரு பொட்டு மழை. பெய்ஞ்சா யாருக்கு என்ன நஷ்டம்? அரசாங்கமே செயற்கை மழை பெய்ய வைக்குது."

"உள்ள கூப்பிட்டா என்ன சொல்லப் போறீங்க?"

அவர் யோசித்தார். பை குலுங்கியது. "டிக்கெட் கிழிச்சிக்கிட்டிருந்தேன், ரோட்டைப் பாக்கலன்னு சொல்லிடறேன். அது உண்மையும்தான்."

அப்படியே சொன்னார். அண்ணன், நான் தூங்கிவிட்டேன் என்றான். ஏன் என்று கேட்டபோது, எந்த டூட்டிக்குப் பின் எந்த டூட்டி பார்த்தான் என்று குரலை உயர்த்தாமல் சொன்னான். யார் அனுப்பியது என்று அதிகாரி கேட்டதும், மேனேஜர் மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேனைப் பார்த்தாராம். வெளியே வந்தபோது அண்ணனின் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அண்ணனும் தங்கையும் கேண்டீனில் போய் இரண்டு டீ குடித்தார்கள்.

வேலை போகவில்லை. ஆறு மாதம் ஓட்டக் கூடாது என்று உத்தரவு வந்தது. பஸ் கழுவுகிற கொட்டகையில் போட்டார்கள். மேனேஜரை வேறு டெப்போவுக்கு மாற்றினார்கள். அங்கே பஸ்கள் அதிகம், அறையில் ஏசி உண்டு என்று கேள்வி. புதிதாக வந்தவர் கொஞ்ச நாள் யாரையும் கூடுதல் நடைக்குக் கூப்பிடவில்லை. பிறகு ஒருநாள் அவரும் ஆளில்லை என்றார். அவர் கூப்பிட்ட டிரைவர், சார், தூக்கம் வருது என்றாராம். புது மேனேஜர் வற்புறுத்தவில்லை. அந்த நடை அன்று ரத்தானது. பயணிகள் நிறுத்தத்தில் நின்று திட்டினார்கள்.

தையல்காரம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அண்ணன் சொன்னான். தனியாகப் போகக் கால் வரவில்லை என்று தங்கையைக் கூப்பிட்டான். மாடிப்படிக்கு அடியில் ஒற்றை அறை. கட்டுப் பிரித்த கை மெலிந்து, வேறு யாருடையதோ போல அந்தம்மாவின் மடியில் கிடந்தது. தையல் மெஷின் மேல் போர்வை.

"அன்னைக்கு என்ன ஆச்சுன்னு கேட்டீங்கம்மா," என்றான் அண்ணன். "தூங்கிட்டேன்."

அந்தம்மா அவனைப் பார்த்தாள். வெளியே யாரோ தண்ணீர்க் குடம் தூக்கிப் போனார்கள்.

"நானும்தான்," என்றாள் கடைசியில். "ராப்பூரா ஒரு கல்யாணத் துணி தைச்சுட்டு, நின்னுக்கிட்டே தூங்கிக்கிட்டு வந்தேன். முழிச்சிருந்தா கம்பியைப் பிடிச்சிருப்பேன்."

அந்தம்மா மெலிந்த கையை லேசாக உயர்த்தினாள்.

"அதுக்காக சரியாப் போச்சுன்னு நெனச்சுடாதீங்க தம்பி. இது இனிமே பழைய மாதிரி மடங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உங்களை நெனச்சா எனக்குக் கோபமாத்தான் வருது. வராம என்ன பண்ணும்."

"சரிம்மா."

"இடது கையால தைச்சுப் பழகறேன். வெளிச்சம் அந்தப் பக்கம் இருந்தா தேவலை. மெஷினை நகத்த ஆளில்ல."

போர்வையை எடுத்துவிட்டு அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். இரும்பு கனத்தது. டீச்சருக்கு இடையில் ஒருமுறை இறக்கி வைத்து மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அந்தம்மா நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இடது கையைச் சக்கரத்தின் பக்கம் நீட்டிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஜன்னல் பக்கம்," என்றாள். "இன்னும் கொஞ்சம். ம், போதும்."