சித்தப்பா முடிக்காத ஆட்டம்

எங்கள் பஸ் டிப்போவில் பன்னிரண்டு வருடமாக யாரும் யாருக்கும் செக்மேட் வைத்ததில்லை. அவ்வளவு நாகரிகமானவர்கள் நாங்கள். செஸ் போட்டி சாப்பாட்டு நேரத்தில் நடக்கும். மணி அடித்துவிட்டால் கை குலுக்கி டிரா. அதற்குள் ஒருவர் கை ஓங்கிவிட்டால், மற்றவர் தன் ராஜாவைப் பலகையில் படுக்க வைத்துவிட்டு எழுந்துவிடுவார். மேற்பார்வையாளரோடு ஆடும்போது மட்டும் கொஞ்சம் சீக்கிரமே படுக்க வைப்பார்கள், லீவு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானே. இப்படியே பன்னிரண்டு கோப்பை வாங்கிவிட்டார் மனிதர்.

அவர் எனக்குச் சித்தப்பா. உதிரிபாகக் கிடங்கில் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர். அதை நான் மறந்துவிடக் கூடாதே என்று வாரம் நாலு தடவை ஞாபகப்படுத்தும் நல்ல மனசு.

இந்த வருடம் ஜெயிப்பவர் வெளியூர்ப் போட்டிக்குப் போகலாம். மணி அடித்ததில் சித்தப்பாவின் ஓர் ஆட்டம் டிராவாகிவிட, அவரைவிட நான் அரைப் புள்ளி முன்னால் இருந்தேன். கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும்தான். டிரா ஆனாலே நான் போகலாம். எனக்குப் போக வேண்டும். "சித்தப்பா தயவுல வந்தவ" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

"அவரைப் பகைச்சுக்காதடி, பேசாம விட்டுக்கொடுத்துடு" என்றாள் அம்மா.

விட்டுக்கொடுக்கத் தேவையே இருக்கவில்லை. அவசரப்பட்டு ராணியைப் பறிகொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் என்னிடம் ராஜா மட்டும் மிச்சம். அவரிடம் ராஜாவும் ராணியும். கடைசி ஆட்டத்துக்கு மணியும் கிடையாது.

சித்தப்பா கையை நீட்டினார். "சரிம்மா, படுக்க வெச்சிடு."

"நீங்க முடிங்க சித்தப்பா."

"வெட்கமா இல்ல உனக்கு?"

"கொஞ்சம் இருக்கு. நீங்க ஆடுங்க."

நடுவராக உட்கார்ந்திருந்த டயர் பிரிவுக்காரர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "படுக்க வெச்சே ஆகணும்னு இதுல இல்லீங்க. ஆனா இனி ஐம்பது நகர்த்தலுக்குள்ள முடிக்கலைன்னா டிரா."

அப்புறம்தான் வேடிக்கை. செக், செக், செக். என் ராஜா பலகை முழுக்க உலாத்தியது. பன்னிரண்டு கோப்பைக்காரர் வாழ்நாளில் ஒரு ராஜாவைக்கூட மடக்கியதில்லை. மடக்குவதற்கு முன்பே எல்லோரும் படுத்துவிட்டார்களே! ராணிக்குத் துணையாகத் தன் ராஜாவையும் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குச் சொல்லித்தர யாருக்குத் தைரியம்?

நடுவர் முப்பது வரை எண்ணியபோது சித்தப்பாவுக்கு வேர்த்தது. நானாகவே மூலைக்குள் போய் நின்றேன். அவர் ராணியைத் தூக்கிவந்து ஒரு கட்டம் தள்ளி டக்கென்று வைத்தார்.

"இனி எங்க போவே?"

எங்கும் போக முடியாதுதான். எந்தக் கட்டத்தில் கால் வைத்தாலும் ராணி வெட்டும். ஆனால் நிற்கிற கட்டத்தில் செக் இல்லை.

"செக்கும் இல்லாம, நகர வழியும் இல்லாம போனா... டிராங்க" என்றார் நடுவர், தன் லீவை எண்ணிக் கவலைப்பட்டபடி.

"நான் ஜெயிச்ச ஆட்டம்யா இது!"

"இத்தனை வருஷமா எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க, சித்தப்பா."

என் லீவு விண்ணப்பம் மூன்று நாள் அவர் மேசையில் கிடந்தது. நாலாம் நாள் அவரே கிடங்குக்கு வந்தார். கையெழுத்துப் போட்ட தாளை என் முன்னால் வைத்தார். யாராவது இருக்கிறார்களா என்று சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"அந்த ராணியை எங்கம்மா வெச்சிருக்கணும்?"

"போயிட்டு வந்து சொல்லித் தர்றேன், சித்தப்பா."