நான்காம் லைனின் சிவப்புச் சட்டைகள்

2021 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணிக்கு, மசேரு நகரின் தெத்சானே பகுதியில், மகாராபோ என்பவளின் சிவப்பு நிறத் தொழிற்சங்கச் சட்டை கொடியிலிருந்து இறங்கித் தெருவோடு நடந்து போனது. அன்று காற்று இல்லை. ரொட்டிக் கடை வாசலில் இடைவெளி விட்டு நின்றவர்கள் அதற்கு வழிவிட்டார்கள். ஊரடங்கின் ஆறாவது நாள் என்பதால், அனுமதிச் சீட்டு இருக்கிறதா என்று ஒருவர் கேட்டதாகச் சொல்கிறார்கள். சட்டை நிற்கவில்லை.

மகாராபோ பத்தொன்பது வருடமாக அங்குள்ள ஒரு தையல் ஆலையின் நான்காம் லைனில் வேலை செய்பவள். அந்த லைனின் சங்கப் பிரதிநிதியும் அவள்தான். சங்கத்தில் எழுதி வைக்காத ஒரு முறை இருந்தது. முந்தைய நோய் தெத்சானேயின் லைன் வீடுகளை ஒவ்வொன்றாகக் காலி செய்துகொண்டிருந்த வருடங்களில் வந்த முறை அது: உறுப்பினர் யார் படுத்தாலும், அவருடைய லைனில் இருப்பவர்கள் மாற்றி மாற்றிப் பக்கத்தில் உட்கார வேண்டும். மகாராபோ பதினொரு பேர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நான்கு பேர் எழுந்து வேலைக்கு வந்தார்கள். புது நோய் வந்தபோதும் சங்கம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. சோள மாவையும் எண்ணெயையும் வாசல்களில் இறக்கியது, மாத்திரை வாங்கி அனுப்பியது, அலுவலகப் போனில் ஒரு நர்ஸை உட்கார வைத்தது. கூடவே, யாரும் யார் வீட்டுக்குள்ளும் போகக்கூடாது என்று உத்தரவும் போட்டது. அதை நான்காம் லைனுக்குப் போனில் படித்துக் காட்டியவள் மகாராபோ.

சட்டை போவதற்கு இரண்டு நாள் முன், ஞாயிற்றுக்கிழமை, லிமகாட்சோ காய்ச்சலில் விழுந்தாள். அதே லைனில் பட்டன் துளைக்குக் காஜா எடுப்பவள், இருபத்தாறு வயது, மலைப்பக்கத்திலிருந்து வந்து மொகேத்தி என்பவரின் லைன் வீட்டில் ஏழாவது அறையில் தனியாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லை. சங்கம் வாசலில் வைத்த பையை எடுத்து வரக்கூட அவளால் எழ முடியவில்லை. மற்ற குடித்தனக்காரர்கள் பயப்படுகிறார்கள், வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய் என்று மொகேத்தி ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனார். திங்கள் முழுக்க மகாராபோ போனைக் காதில் வைத்தபடி இருந்தாள்.

"நாங்கல்லாம் இருக்கோம்டி" என்றாள்.

"இருக்கீங்க அக்கா. எங்க இருக்கீங்க?"

அன்று மாலை மகாராபோ தன் சங்கச் சட்டையை எடுத்து, அழுக்கே இல்லாமலிருந்தும், சோப்புப் போட்டுத் துவைத்துக் காயப்போட்டாள். மறுநாள் காலையில்தான் அது போனது. எட்டு மணிக்கு லிமகாட்சோ கூப்பிட்டாள்.

"அக்கா, உங்க சட்டை வந்திருக்கு."

"என்ன பண்ணுது?"

"என் இடது கையப் புடிச்சிட்டு நிக்குது."

"தண்ணி குடுக்கச் சொல்லு."

"சொல்லிப் பாத்துட்டேன். கையத்தான் புடிக்குது. அதுவும் இடது கைய மட்டும்."

மகாராபோவுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்தொன்பது வருடத்தில் அவள் தைத்தது சட்டைகளின் இடது கை மட்டும்தான். முழுச் சட்டை தைக்கத் தெரிந்தவர் அந்த ஆலையில் ஒருவரும் கிடையாது. ஆகவே லைனில் மிச்சமிருந்த இருபத்திரண்டு பேரையும் ஒவ்வொருவராகப் போனில் அழைத்து, சங்கச் சட்டையைத் துவைத்துக் கொடியில் போடச் சொன்னாள். சட்டைகள் கௌரவமான நிலையில் இல்லை. ஒருத்தியுடையதைப் புருஷன் போட்டுக்கொண்டு தோட்ட வேலை செய்தான். காலர் வைக்கும் மபொலோக்கோ தன்னுடையதைத் தலையணைக்குள் அடைத்திருந்தாள். "சங்கத்து மேல தலை வச்சுத்தான் படுத்திருக்கேன், அது மரியாதை இல்லையா?" என்று அவள் கேட்டதற்கு, "முதல்ல துவை, அப்புறம் பேசு" என்றாள் மகாராபோ.

புதன்கிழமை இருபத்திரண்டு சட்டைகளும் வேலை வரிசைப்படியே ஏழாவது அறைக்குப் போய்ச் சேர்ந்தன. ஒன்று வாசலில் இருந்த பையைத் தூக்கியது, ஒன்று அடுப்பில் பானையை வைத்தது, ஒன்று மாவைக் கொட்டியது. மபொலோக்கோவின் சட்டை லிமகாட்சோவின் தலையைத் தூக்கிப் பிடித்தது. அடி மடித்துத் தைப்பவளின் சட்டை போர்வை ஓரத்தைச் சொருகியது. இஸ்திரிக்காரியின் சட்டை நெற்றியைத் துடைத்தது. ஒரு குவளைத் தண்ணீர் உதட்டுக்குப் போய்ச் சேர பதினொரு சட்டைகளும் நாற்பது விநாடிகளும் ஆயின. சூப்பர்வைசர் பார்த்திருந்தால் குறை சொல்லியிருக்க முடியாது. செக்கிங் மேஜைக்காரியின் சட்டை மட்டும் கூழில் கட்டி இருக்கிறதென்று இரண்டு முறை திருப்பி அனுப்பியது. அவள் நேரிலும் அப்படித்தான்.

ஆனால் மாத்திரையில் லைன் நின்றுவிட்டது. டப்பாவை எடுக்க ஒரு சட்டை இருந்தது, மாத்திரையை வாயில் வைக்க ஒன்று இருந்தது. மூடியைத் திறக்க ஒன்றும் இல்லை. துணியைத் திறந்து வழி செய்வது லைனில் காஜா எடுப்பவளின் வேலை; அந்த இடத்துக்குரிய சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது, சொந்தக்காரி கிடந்த கிடையில் அதுவும் அசையவில்லை. மற்றவை காத்திருந்தன. புதனும் வியாழனும் மூடி திறக்கப்படவில்லை. தலையணையில் கிடந்த போன் வழியாக மகாராபோ, நீயே மூடியைத் திற என்று லிமகாட்சோவிடம் கெஞ்சினாள், திட்டினாள், மலைப்பக்கத்துக்காரிகளுக்கே கையில் வலு கிடையாது என்று சீண்டினாள். லிமகாட்சோ சிரிக்கப் பார்த்து இருமினாள். வியாழக்கிழமை நர்ஸ், அந்த மாத்திரை உள்ளே போகாவிட்டால் இன்னும் இரண்டு நாள்கூட அவள் உடம்பு தாங்காது என்று மகாராபோவிடம் தனியாகச் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மொகேத்தி ஒரு போலீஸ்காரரோடு வந்தார். அதன்பின் நடந்ததை மகாராபோ போனில் கேட்டாள்.

"கூட்டம் சேரக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு. உள்ள பாருங்க சார்" என்றது மொகேத்தியின் குரல்.

போலீஸ்காரர் பார்த்திருக்க வேண்டும். "ஆள் ஒண்ணுதான் இருக்கு."

"இத்தனை சட்டை நிக்குதே."

"சட்டை நிக்கக் கூடாதுன்னு எதுலயும் போடல ஐயா. காய்ச்சல்காரிய வெளிய தள்ளினீங்கன்னா உங்களத்தான் கூட்டிட்டுப் போகணும்."

மொகேத்தி முணுமுணுத்தார். பிறகு, "என் பட்டன விடு" என்றார். அவருடைய கோட்டில் தொங்கிக்கொண்டிருந்த பட்டனை, பட்டன் வைப்பவளின் சட்டை, அதுதான் தன் வேலை என்பதால், தைத்துக்கொண்டிருந்தது. ஊசி உடம்பில் குத்தாமலிருக்க அவர் அசையாமல் நிற்க வேண்டியதாயிற்று. நின்ற இடத்திலிருந்து அறை முழுவதும் தெரிந்தது.

"அதெல்லாம் எதுக்கு டப்பாவ வச்சிட்டு வரிசையா சும்மா நிக்குது?" என்று கேட்டார்.

"எனக்காக ஐயா" என்றாள் லிமகாட்சோ. "நடுவுல என் வேலை பாக்கி."

"எத்தனை நாளா?"

"மூணு நாளா."

"இருபது பேர மூணு நாளா நிக்க வச்சிருக்கியா?" என்றார் மொகேத்தி. குரலில் நிஜமாகவே அதிர்ச்சி இருந்தது.

மகாராபோ போனைக் காதோடு அழுத்தினாள். கட்டில் கிறீச்சிட்டது. பெரிதாக மூச்சு வாங்கும் சத்தம், லிமகாட்சோவின் குரலில் ஒரு கெட்ட வார்த்தை, மறுபடி மூச்சு. பிறகு மூடி சுழன்று தரையில் விழுந்து உருண்டது. அடுத்த சட்டை நகரும் சரசரப்பு கேட்டது.

லிமகாட்சோவின் காய்ச்சல் ஒன்பது நாள் கழித்து இறங்கியது. சங்க அலுவலகம் எந்த லைன் எந்த வீட்டுக்கு என்று அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டியது. அந்த வருடம் தெத்சானேயில் சட்டைகள் நாற்பத்தாறு வீடுகளுக்குப் போயின. ஐந்து பேர் இறந்தார்கள், ஒருவரும் தனியாக இல்லை. சட்டைகள் சேற்றோடு திரும்பி வருவதாகச் சிலர் குறைபட்டதால், சங்கம் மாதம் ஒரு சோப்புக்கட்டி கொடுக்கத் தீர்மானித்தது. லிமகாட்சோ மார்ச் முதல் தேதி, திங்கட்கிழமை, வேலைக்குத் திரும்பினாள். இன்னும் மொகேத்தியின் ஏழாவது அறையில்தான் இருக்கிறாள்.