மண்ணில் கால் வைக்காத ஆறு

ஆறு தரையை விட்டு எழும்பிய அன்று தக்காளி விலை இறங்கியிருந்தது. ஆகவே சந்தையில் இருந்தவர்கள் முதலில் தக்காளியைப் பற்றிப் பேசி முடித்துவிட்டுத்தான் ஆற்றைப் பார்க்கப் போனார்கள். விரித்த பாயைச் சுருட்டாமல் அப்படியே தூக்கிப் பிடித்தது போல, தண்ணீர் ஓர் ஆள் உயரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. கீழே நின்று நிமிர்ந்தால் மீன்களின் வெள்ளை வயிறு தெரிந்தது. ஒரு கொக்கு அன்றே சூட்சுமத்தைப் பிடித்துக்கொண்டு, காய்ந்த மணலில் நின்றபடி கழுத்தை மேலே நீட்டி மீனைக் கீழிருந்து கொத்தியது. மற்ற கொக்குகளுக்குப் புரியக் கொஞ்ச நாளானது.

கிழக்குக் கரையில் மணல் வியாபாரம் செய்தவளை ஊரே லாரிக்காரம்மா என்று அழைக்கும். கணவன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று, ஒரு லாரியைக் கொட்டகை நிறைய லாரிகளாக்கியவள். யாருக்கும் வளைந்து கொடுக்காதவள். ஆறு எழும்பிய செய்தி கேட்டதும் அவள் முகம் மலர்ந்தது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, சக்கரம் புதையாத உலர்ந்த மணல் கண்ணுக்கெட்டிய தூரம் கிடந்தது. அள்ளினாள். ஆறு இன்னும் ஒரு முழம் மேலே போனது. மேற்குக் கரையில் முலாம்பழத் தோட்டம் வைத்திருந்தவர் அவளுடைய சம்பந்தி. இவள் மகளை அவர் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருந்தாள். குழாய் தண்ணீருக்கு எட்டாமல் போனதும் அவர் ஏணி வைத்து, மூங்கில் கட்டி, பழைய மோட்டாரை உயர்த்தி வைத்து உறிஞ்சினார். அதற்கும் ஆறு ஒரு முழம் ஏறியது. லாரிப் புழுதி பழத்தில் படிகிறது என்று அவர் சொல்லப்போக, மோட்டார் சத்தத்தில் தூக்கமே போச்சு என்று இவள் சொல்லப்போக, கல்யாணம் முடிந்த கையோடு இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை அற்றுப்போயிருந்தது. ஆற்றை விரட்டியது எதிர்க்கரைதான் என்று இரண்டு கரையிலும் அடித்துச் சொன்னார்கள்.

இரண்டே வருடத்தில் ஆறு கூரைகளைத் தாண்டிவிட்டது. ஊர் பழகிக்கொண்டது. துணி உலர்த்துகிறவர்கள் ஆற்றின் சொட்டு விழாத இடமாகப் பார்த்துக் கொடி கட்டினார்கள். நீர்நாய்கள் விளிம்பில் வந்து தலையை நீட்டி மொட்டைமாடிகளை வேடிக்கை பார்த்தன. பழக முடியாதது ஒன்றுதான். மண்ணைத் தொடாத ஆறு மண்ணுக்குள் இறங்கவில்லை. கிணறுகள் வற்றின. கரை மரங்கள் நின்ற நிலையிலேயே காய்ந்தன. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்று பழமொழி சொல்லிச் சிரிக்கக்கூட அந்த ஊரில் யாருக்கும் நாக்கில் ஈரமில்லை.

அப்போதுதான் வனத்துறை அதிகாரி மாற்றலாகி வந்தார். ஓயாமல் தும்முகிறவர் என்பதால் ஊர் அவருக்குத் தும்மல் ஐயா என்று பெயர் வைத்தது. படுகை அரசாங்கத்துடையது, கரைகள் உங்களுடையவை, தண்ணீர் யாருடையதும் இல்லை, மூன்று தரப்பும் சேர்ந்து காவல் இருந்தால் இறங்கும், இல்லாவிட்டால் போயே போய்விடும் என்று தும்மலுக்கு நடுவே சொன்னார். சம்பந்திகளை ஒரே பெஞ்சில் உட்காரவைத்துக் கையெழுத்து வாங்கினார். படம் எடுத்தார்கள். அன்று பிற்பகலே ஆறு முழங்கால் உயரத்துக்கு இறங்கி வந்து நின்றது. ஊர் கைதட்டியது. மறுநாள் காலை லாரிக்காரம்மா ஒரே ஒரு லோடுதானே என்று ஒரு லாரியை அனுப்பினாள். கொஞ்ச நேரம்தானே என்று சம்பந்தி மோட்டாரைப் போட்டார். மதியத்துக்குள் ஆறு மேகங்களுக்குப் பக்கத்தில் ஒரு நூலாகத் தெரிந்தது. சொட்டுவதுகூட நின்றுவிட்டது.

அதற்கடுத்த நாள் மகள் நிறைமாத வயிற்றோடு தாயைப் பார்க்க வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நாங்க வேற ஊர்ல வீடு பாத்துட்டோம்மா. தண்ணியில்லாத எடத்துல புள்ளையக் குளிப்பாட்ட முடியாது."

"எப்பப் போறீங்க?"

"அடுத்த வாரம். நீங்க ரெண்டு பேரும் சண்டைய முடிச்சப்புறம் போலாம்னா, என் புள்ளைக்கே கல்யாண வயசு வந்துடும்."

மகள் போனதும் லாரிக்காரம்மா கொட்டகையைப் பூட்டினாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, காய்ந்த ஆற்றுக்குள் இறங்கி அக்கரைக்கு நடந்தாள். தன் லாரிகள் தோண்டிய குழிகளில் அவளே இரண்டு இடத்தில் தடுக்கி விழப் பார்த்தாள். சம்பந்தி மோட்டார் அறையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க சம்பந்தி. கை கழுவலாம்னா தண்ணியில்ல."

"நேத்து ஒரு லாரி அனுப்புனேன்."

"பாத்தேன். அதப் பாத்துதான் நான் மோட்டாரப் போட்டேன்."

"நீங்க எப்படியும் போடுவீங்கன்னுதான் நான் அனுப்புனேன்."

இரண்டு பேரும் வாசலுக்கு வந்து வானத்தை அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஆத்துக்குப் படிக்கத் தெரியாது போலிருக்கு. நம்ம கையெழுத்த நம்பல" என்றார் அவர்.

"கொட்டகைக்குப் பின்னாடி மலையாட்டம் மணல் கெடக்கு. திருப்பிக் கொட்டிடறேன்" என்றாள் அவள்.

அவர் கிரீஸ் கையை ஒரு பழந்துணியில் துடைத்துக்கொண்டார். "அப்ப நான் கரையோர முலாம்பழக் கொடியப் பிடுங்கிட்டு அந்தத் துண்டு நெலத்த மரத்துக்கு விட்டுடறேன். மழைத்தண்ணிக்குக் குளம் வெட்டிக்கறேன். இந்த மோட்டார் இனிமே ஆத்துப் பக்கம் வராது."

முதல் லோடு ஆற்றில் சரிந்தபோது லாரிக்காரம்மா, பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாள் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரக் கடைசியில், அப்படியில்லப்பா, அந்தக் குழியில கொட்டு என்று ஓட்டுநர்களை விரட்டிக்கொண்டிருந்தாள். ஆறு நூலிலிருந்து கயிறானது, கயிற்றிலிருந்து தோளில் போடும் துண்டானது. மகளும் மருமகனும் மூட்டையைப் பிரித்துவிட்டார்கள். தும்மல் ஐயா நாணலும் நாற்றும் கொண்டுவந்து கரை நெடுக ஆள்விட்டு நட்டார். மேலாற்றுச் செங்கல் சூளைக்காரர் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்துகொண்டார். சம்பந்திகள் புழுதிக்காகச் சண்டை போட்ட நாட்களில் ஆறு இறங்காமல் நின்று கேட்டது. அதனால் அவர்கள் ரகசியக் குரலில் சண்டை போடப் பழகினார்கள். பேத்தி பிறந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள். ஒரு நாள் மணலை நிரவிக்கொண்டிருந்த லாரிக்காரம்மாவின் கணுக்காலில் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தாள். யாரையும் கூப்பிடவில்லை. புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கேயே நின்றாள். ஈரமாகிவிடும் என்று செருப்பை மட்டும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். அந்த மழைக்காலத்தில் கிணறுகள் ஊறின.

பேருந்து நிலையத்துக்கு முன்னால், சாலை படுகையைக் கடக்கும் இடத்தில் மட்டும் ஆறு இறங்கவில்லை. என்ன குறை வைத்தோம் என்று எல்லோரும் கவலைப்பட்டபோது தும்மல் ஐயா ஏணி வைத்து ஏறிப் பார்த்து, இரண்டு தும்மல் தும்மிவிட்டு இறங்கி வந்தார். உயரே ஆற்றோடு மிதந்த மணல்திட்டில் ஆமைகள் முட்டையிட்டிருந்தன. அசைத்தால் கெட்டுவிடும். மூன்று தரப்பும் டீக்கடையில் உட்கார்ந்து பேசின. இருக்கட்டும், விட்டுவிடலாம் என்று முடிவானது. ஆமைகள் அடுத்த வருடமும் அங்கேயேதான் முட்டையிட்டன. வெளியூரிலிருந்து புதிதாக வரும் ஓட்டுநர்கள் அந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, வெயிலில் மழையா என்று கேட்பார்கள். நடத்துநர் சில்லறையிலிருந்து தலையைத் தூக்காமல், "ஆறுதான் சார், வைப்பரப் போட்டுட்டுப் போங்க" என்பார்.