நாகபூஷணம் பெயரில் இல்லாத ர

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் சிறுகதைத் தொகுப்புக்குக் ‘கரகம்’ என்று பெயர் வைத்தேன். அட்டை வரைந்தவர் வட்டமும் நேர்கோடும் மட்டுமே கொண்ட தடித்த எழுத்தில் அதைப் போட்டார். பார்க்க ஜோராகத்தான் இருந்தது. புத்தகக் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “காக்காவைப் பத்தியா சார், முழு புஸ்தகமும்?” என்றார். ர-வின் அடியில் சாய்ந்து இறங்கும் வாலை, அழகுக்கு இடைஞ்சல் என்று வெட்டியிருந்தார்கள். வாலில்லாத ர வெறும் துணைக்கால். கரகம் காகமாகிவிட்டது.

கோபத்தை அட்டைக்காரரிடம் காட்டத் தைரியமில்லை. (அடுத்த அட்டையும் அவர்தான்.) அதனால் 1934க்குப் போனேன்.

2

முதல் தொடக்கம்: “வில்லியனூர் அச்சுக்கூடத்தின் ஓட்டின்மேல் மழை...” வேண்டாம். மழையில் தொடங்கும் கதையை நானே படிக்க மாட்டேன்.

இரண்டாவது: “தச்சர் சூசைநாதனுக்கு நெளிவைக் கண்டாலே ஆகாது.” இது பரவாயில்லை.

வில்லியனூரில் ஓர் அச்சுக்கூடத்துக்கு நோட்டீஸ் எழுத்துகளை மரத்தில் செதுக்கிக் கொடுப்பவர் அவர். முழு வட்டம், அரை வட்டம், பட்டை. இந்த மூன்றைத் தவிர வேறெதையும் சேர்க்காமல், சாண் உயரத்தில், இரண்டு வருஷம் உட்கார்ந்து மொத்த எழுத்தையும் செதுக்கினார். தெருவின் அந்தக் கோடியிலிருந்தே படித்துவிடலாம். மாட்டுச் சந்தையா, மாதா கோயில் திருவிழாவா, நாடகமா, எல்லாவற்றுக்கும் அந்த எழுத்துதான். ர-வுக்கும் காலுக்கும் அவரிடம் ஒரே கட்டைதான்.

3

நாகபூஷணம் நாடகக்காரி. பதினோரு வருஷம் நோட்டீஸில் ‘மற்றும் பலர்’ ஆக இருந்தவள். புதுக் கம்பெனி முதலாளி பச்சையப்பன்தான் அவள் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சம்மதித்தார். நோட்டீஸில் அவள் பெயருக்கு மட்டும் சூசைநாதனின் மர எழுத்து.

(இவள் முகம் எனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. ‘அழகி’ என்று எழுதி அடித்துவிட்டேன். குரல் மட்டும் கேட்கிறது.)

குருவிநத்தத்திலும் சோரியாங்குப்பத்திலும் ஒட்டினார்கள். அன்று அவள் மேடையேறியதும் கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: “டேய், நரகபூஷணம் வந்துட்டாடா!” கொட்டகையே அதிர்ந்தது. பிள்ளையைப் பறிகொடுத்து அழும் காட்சியில்கூடச் சிரிப்பு அடங்கவில்லை. அவள் நிஜமாகவே அழுதாள்.

மறுநாள் விடிந்ததும் பச்சையப்பன் சொன்னார்: “பாரும்மா, இன்னும் ஒரே வாட்டி. நாளைக்குக் காலையில பாகூர் மேரி* சுவத்துல ஒட்டறேன். நானே நின்னு கேப்பேன். படிக்கிறவன் நரகம்னு படிச்சான்னா, அப்புறம் என் கம்பெனி நோட்டீஸ்ல உன் பேரே வராது.”

* மேரி என்பது பெண் பெயர் அல்ல. கொம்யூன் ஆபீசுக்கு, அதாவது ஊராட்சி அலுவலகத்துக்கு, பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் பெயர். பெயர்களால் எத்தனை தொல்லை, பாருங்கள்.

4

அவள் வண்டி பிடித்து வில்லியனூருக்கு வந்துவிட்டாள்.

“மேஸ்திரி, இன்னாய்யா என் பேர இப்படிப் பண்ணி வச்சிருக்க?”

சூசைநாதன் நோட்டீஸை விரித்துப் பார்த்தார். “உன் பேர்ல தப்பே இல்லியேம்மா. ந போட்டு கால் போட்டிருக்கேன். கால் காலாத்தான் நிக்குது.”

“ர-வும் அப்படித்தான நிக்குது? அதுக்கு ஒரு வால் வையி.”

“உன் பேர்ல ர-வே இல்லியே!”

“இல்லாத எழுத்தாலதான்யா எனக்கு இந்த அவமானம்.”

அவர் நோட்டீஸை மடித்து அவளிடமே நீட்டினார்.

“சாஞ்ச கோடு ஒண்ணு உள்ள வந்தா எல்லா எழுத்தும் கெட்டுடும்மா. ரெண்டு வருச வேல.”

“எனக்குப் பதினோரு வருசம்.”

5

முடிவு ஒன்று: சூசைநாதன் மனமிரங்கி ர-வுக்கு வால் செதுக்குகிறார். நல்ல மனுஷர். ஆனால் அவள் பெயரில் ர எங்கே இருக்கிறது? அதே நோட்டீஸ்தான் மறுபடியும் அச்சாகும். வால் வைத்த ர பெட்டிக்குள் கிடக்கும்.

முடிவு இரண்டு: அவள் சொல்கிறாள், “நரகம்னே ஒரு வரி போடு, வால் வச்சி. கீழ என் பேர போடு. ரெண்டையும் பாத்துட்டு சொல்லட்டும்.” சூசைநாதன் சிலுவை போட்டுக்கொண்டு, “மாதாவே! அப்புறம் நாடகத்துக்கு எவன் வருவான்?” என்கிறார். கெட்டிக்கார முடிவு. அந்தக் கெட்டிக்காரத்தனம் என்னுடையது, அவளுடையதல்ல. அடிக்கிறேன்.

முடிவு மூன்று: அவள் தன் பெயரையே மாற்றிக்கொண்டு... முடியாது. எழுத மாட்டேன்.

6

சூசைநாதன் வால் வைக்கவில்லை. அவரை வில்லனாக்க எனக்கு மனமில்லை. அந்த எழுத்து உண்மையிலேயே அழகு. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை.

காலை. பாகூர் மேரிச் சுவர். பசை இன்னும் காயவில்லை. நடவுக்குப் போகிறவர்கள் வழியில் நின்றுவிட்டார்கள். அவர்களில் யாருக்கும் எழுத்து தெரியாது. பச்சையப்பன் ஓரமாக நிற்கிறார். அவருக்குப் பின்னால், முக்காடு போட்டுக்கொண்டு, நாகபூஷணம்.

நீங்கள் படிக்கும் இந்தப் பக்கத்தில் ர-வுக்கு வால் இருக்கிறது. அந்தச் சுவரில் இல்லை. நரகம் என்று படித்தாலும் தப்பென்று யாரும் சொல்லிவிட முடியாது. கூட்டம் கொல்லென்று சிரிக்கும். நாலு பேரைச் சிரிக்க வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது; இவ்வளவு நேரம் நான் செய்ததும் அதைத்தானே?

நடவுக்காரி அமுதம் உங்கள் பக்கம் திரும்புகிறாள்.

“இன்னா போட்டிருக்கு? கொஞ்சம் படிச்சிச் சொல்லுங்களேன்.”

அந்தக் கூட்டத்தில் படிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். சத்தமாகப் படியுங்கள்.