ஏழரை மணிச் செய்தி

‘டங்!’ என்று எதிர்க் கட்டடத்தில் யாரோ முதல் அடியைப் போட்டார்கள். அடுத்த நொடி மேலே, கீழே, பக்கவாட்டில் என்று குடியிருப்பு முழுவதும் வாணலிகளும் குண்டான்களும் மூடிகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அலற ஆரம்பித்தன. தலைநகர் பெல்கிரேடிலிருந்து வரும் அரசாங்கத் தொலைக்காட்சியில் ஏழரை மணிச் செய்தி தொடங்கிவிட்டது. பெயருக்கேற்ற ஏழரைதான்.

நவம்பரில் நடந்த நகரமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி தோற்றது. தோற்ற கட்சியே பிறகு ஜெயித்ததாக அறிவித்துக்கொண்டது. அதைத் தட்டிக் கேட்க நிஷ் நகரத் தெருக்களில் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் பனியில் நடந்தார்கள். செய்தியில் பனியை மட்டும் காட்டினார்கள். அதனால்தான் இந்த ஏற்பாடு. செய்தி ஓடி முடியும் வரை விளக்கை அணைத்துவிட்டுப் பாத்திரத்தைத் தட்ட வேண்டும். செய்தி வாசிக்கிற ஆளின் குரல் எந்த வீட்டுக் காதிலும் விழக் கூடாது.

ஸ்லாவ்காவிடம் இருந்தது சாதாரணப் பாத்திரமல்ல. பிளம்ஸ் பழக்கூழ் காய்ச்சுகிற செம்பு அண்டா. அதைப் பால்கனியின் துணிக்கொடிக் கொக்கியில் தொங்கவிட்டு, இரும்புக் கரண்டியால் ஓங்கி ஒன்று வைத்தால் ஆற்றங்கரை வரைக்கும் போகும்.

“ஸ்லாவ்கா, உள்ள வா!” கணவன் திஹோமிர் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டுக் கத்தினான். “எங்க மேனேஜர் எதிர் பிளாக்லதான் இருக்கான். எவன் வீட்டுல தட்டுறாங்களோ அவனுக்கு வேலை கிடையாதுன்னு இன்னிக்குக்கூட சொன்னான்.”

“இருட்டுல அவனுக்கு என்ன தெரியும்?”

“கண்ணுக்குத் தெரியாது. காதுகூடவா இல்ல? இந்த ஊர்லயே ஒரு அண்டாதான் இப்படிக் கத்துது.”

“கத்தட்டும். கல்யாணமான நாள்லேருந்து நீயும் கத்தல, நானும் கத்தல. அந்த அண்டாவாவது கத்தட்டும்.”

திஹோமிருக்கு மின்வாரியத்தில் வேலை. ஸ்லாவ்கா வேலை பார்த்த காலுறைத் தொழிற்சாலையைக் கோடையிலேயே பூட்டிவிட்டார்கள். வீட்டில் அடுப்பு எரிவது அவன் ஒருவன் சம்பளத்தில். அவள் தட்டுவது தெரிந்தால் அதுவும் போகும். தெரிந்துதான் தட்டினாள்.

அடுத்த பால்கனியிலிருந்து வெலிபோர் குரல் கொடுத்தான். பள்ளிக்கூடத்தில் சங்கீத வாத்தியார், தனிக்கட்டை.

“அக்கா, தாளம் தப்புது! நாலாவது அடியில அவசரப்படுறீங்க.”

“உன் பால் குண்டான் சத்தமே கேக்கலையே வாத்தியாரே. கொசு அடிக்கிறியா?”

“நான் பக்கவாத்தியம் அக்கா. கச்சேரி உங்களுது.”

பட்டென்று மின்சாரம் போனது. டிவி அணைந்தது. எல்லாக் கைகளும் ஒரு கணம் நின்றன. பிறகு முன்னைவிடப் பலமாக ஆரம்பித்தன.

“செய்திதான் நின்னுபோச்சே! இன்னும் யாரைய்யா அடிக்கிறீங்க?” என்றது கீழ் மாடிக் குரல் ஒன்று.

“கை பழகிப்போச்சு, நிக்க மாட்டேங்குது!”

“திஹோமிர் அண்ணே, மின்வாரியத்துக்கு ஜே! தினம் இதே நேரத்துக்குப் பிடுங்கி விடுங்க!” என்று வெலிபோர் கூவ, கட்டடமே சிரித்தது. திஹோமிர் மட்டும் சிரிக்கவில்லை. கீழே விளக்கில்லாமல் ஒரு கார் வந்து நின்றிருந்தது. அதிலிருந்து கிளம்பிய டார்ச் வெளிச்சம் மாடி மாடியாக ஏறி அவர்கள் இருந்த ஐந்தாவது மாடியில் நின்றது. ஸ்லாவ்கா கரண்டியை இறக்கினாள். இவ்வளவு கீழிருந்து இருட்டில் யார் முகம் தெரியப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் திஹோமிர் வேலையிலிருந்து தாமதமாக வந்தான். கையில் காப்பித்தூள் பொட்டலம், நல்ல ரகம். சட்டையை மாற்றாமலே பால்கனிக்குப் போய் அண்டாவைக் கழற்றினான்.

“எங்க கொண்டுபோற?”

“உள்ள ஈயமெல்லாம் போயிடுச்சு. பூசக் குடுத்துட்டு வர்றேன்.”

“பனிக்காலத்துல பழக்கூழ் காய்ச்சப் போறியா? நான் எதுல தட்டுறது?”

“சின்னப் பாத்திரம் இல்லையா? அதுல தட்டு.” அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “நான் இனிமே தடுக்க மாட்டேன்.”

அவளால் தன் காதையே நம்ப முடியவில்லை. அண்டாவைப் போர்வையில் சுற்றி அவன் காரில் வைத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஈயம் பூசப் போகிற பாத்திரத்துக்குப் போர்வை எதற்கு என்று அப்போது தோன்றவில்லை. புருஷன் ஒருவழியாக மனுஷனாகிவிட்டான் என்ற சந்தோஷம் அப்படி. அன்று ஏழரைக்கு அவனும் பால்கனிக்கு வந்தான். ஒரு மூடியை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினான்.

“அடடே! அண்ணனும் கச்சேரிக்கு வந்தாச்சா!” என்றான் வெலிபோர்.

திஹோமிர் மூடியை வைத்துவிட்டு உள்ளே போனான். கூச்சம் என்று ஸ்லாவ்கா நினைத்தாள். இருட்டில் அவன் கன்னத்தில் ஒரு முத்தம்கூடக் கொடுத்தாள்.

அடுத்த நாளே வெலிபோரின் பால் குண்டான் கேட்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் வைத்து அவனைக் காரில் ஏற்றிப் போனதாகப் பேச்சு. போலீஸ் நிலையத்தில் கேட்டால் அப்படி யாரும் இல்லை என்றார்கள். வாரக் கடைசியில், ஸ்லாவ்கா ரொட்டி வாங்கிக்கொண்டு மாடியேறியபோது, அவன் தன் வீட்டுக் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வலது கையில் முழங்கை வரை மாவுக்கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது.

“சாவியைக் குடு,” என்றாள்.

“இடது கையால கதவு திறக்கிறதுக்கும் பயிற்சி வேணும்போல அக்கா.” சிரிக்கப் பார்த்தான். உதடு கிழிந்திருந்ததால் முடியவில்லை. “வேலையும் போச்சு. பசங்களைக் கெடுக்கிறேனாம்.”

“என்னடா கேட்டாங்க?”

“ஒரே கேள்விதான். அதையே திருப்பித் திருப்பிக் கேட்டாங்க. ‘பெரிய செம்பு அண்டா, அதை எங்க ஒளிச்சு வச்சிருக்க?’ என்கிட்ட ஏது அண்டா? வீடு பூரா குடைஞ்சு பால் குண்டானை எடுத்தாங்க. இதுல அந்தச் சத்தம் வராதுன்னு அதாலயே என் கையில ஒண்ணு போட்டுப் பார்த்தாங்க.”

ஸ்லாவ்கா சாவியைப் பூட்டில் நுழைத்தாள், திருப்பவில்லை.

“நான் சொல்லல அக்கா. பயப்படாதீங்க.” அவன் குரலைத் தாழ்த்தினான். “கீழேருந்து கேட்ட எவனுக்கோ காது சரியில்ல, வீடு மாறிப்போச்சு. நல்லவேளை, அண்ணன் ஈயம் பூசக் கொண்டுபோனாரு. இல்லைன்னா உங்க வீட்டுக்கும் வந்திருப்பானுங்க. அண்ணன் கெட்டிக்காரர்.”

அவள் கதவைத் திறந்து அவனை உள்ளே விட்டாள். ரொட்டியை அவன் மேஜைமேல் வைத்தாள். தன் வீட்டுக்கு வந்தபோது திஹோமிர் டிவி முன்னால் காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

“அண்டா எங்க?”

“ஈயம் பூச...”

“எந்தக் கடையில?”

அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

“எந்தக் கடைன்னு கேட்டேன், திஹோமிர்.”

“எங்க அண்ணன் வீட்டு நிலவறையில கிடக்கு. என்ன இப்போ?”

“உங்க ஆபீசுக்கு வந்து கேட்டாங்களா? அது யார் வீட்டு அண்டான்னு?”

“மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேர் உக்காந்திருந்தாங்க. சத்தம் அஞ்சாவது மாடின்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. எந்த வீடுன்னு மட்டும் நான் சொல்லணுமாம்.”

“அந்தப் பையனோட கையைப் போய்ப் பாரு.”

“பார்த்தேன். ஜன்னல்லேருந்து பார்த்தேன்.” அவன் எழுந்து டிவியை அணைத்தான். “அஞ்சாவது மாடியில இருக்கிறதே ரெண்டு வீடு, ஸ்லாவ்கா. நான் எந்த வீட்டைச் சொல்லியிருக்கணும்? நீயே சொல்லு.”