அத்தானின் வால்

துரை செத்த வாரம் முழுக்க அப்பா ஸ்டுடியோவில் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. 'கொஞ்சம் சிரிங்க' என்பது அவர் தொழிலில் பாதி. மீதிப் பாதிதான் கேமரா. அந்த வாரம் பாஸ்போர்ட் படம் எடுக்க வந்தவர்கள் அத்தனை பேரும் போலீஸ் தேடும் ஆட்கள் மாதிரி பதிவாகி, காசு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

துரை நாய். அந்தப் பெயர் அப்பா வைத்தது. அம்மா அதைச் சனியன் என்பாள். கல்யாணமாகிப் போன அக்கா பிரவுனி என்பாள். கல்லூரியில் கடைசி வருடம் படிக்கும் சின்னவன் 'டேய்' என்பான். நாய்க்கு இதில் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை. யார் எப்படிக் கூப்பிட்டாலும் நேராக வந்து கேமராவுக்கு முன்னால் உட்காரும்.

வம்பே அங்கேதான். மேலே வீடு, கீழே ஸ்டுடியோ. கல்யாண ஜோடி, பள்ளிக்கூட வகுப்பு, ஓய்வு பெறும் மேலாளர் என்று யார் வந்து நின்றாலும் துரையும் ஓரமாக வந்து நிற்கும். அப்பா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், "அதை அந்தப் பக்கம் தள்ளு" என்பார். அம்மா திரைக்குப் பின்னாலிருந்து, "ச்சூ, போ சனியனே" என்பாள். அதையும் மீறிப் படத்துக்குள் வந்துவிட்டால் கம்ப்யூட்டரில் அழிப்பது சின்னவன் வேலை. பக்கத்துத் தரையைக் கொஞ்சம் எடுத்து நாய் மேல் பூச வேண்டும். முதலில் காது, பிறகு முதுகு, கடைசியில் வால். அவன் அழித்த இடத்தில் நாய் இருந்தது என்று அந்த நாயே வந்து சொன்னாலும் வாடிக்கையாளர் நம்பமாட்டார். வேலை முடிந்ததும், இடம் அடைக்கிறது என்று நாய் இருந்த மூலப் படத்தையும் நீக்கிவிடுவான்.

ஒரே ஒரு தடவைதான் சறுக்கினான். அக்கா கல்யாணத்தன்று எடுத்த குடும்பப் படம். நாயை அழித்துக்கொண்டிருந்தவன் பசி வந்து எழுந்து போய்விட்டான். திரும்பி வந்தவன், அத்தானின் கோட்டுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த வாலைக் கவனிக்கவில்லை. படம் பெரிதாகி, சட்டம் போட்டு, ஸ்டுடியோச் சுவரில் ஏறிய பிறகுதான், மாப்பிள்ளைக்கு வால் முளைத்திருப்பது எல்லாருக்கும் தெரிந்தது. "சம்பந்தி வீட்டுல பாத்தா நம்மளப் பத்தி என்னடா நினைப்பாங்க?" என்று அப்பா குதித்தார். அத்தான் நல்ல மனிதர். வரும்போதெல்லாம் படத்துக்குக் கீழே நின்று, "வளர்ந்திருக்கா பாருங்க மாமா" என்பார்.

துரைக்குச் சிகிச்சை பார்த்த டாக்டரம்மா ஊருக்கு வெளியே ஒரு காப்பகமும் நடத்தி வந்தார். தெருவில் கிடந்தவை, கார் ஏறியவை, வேண்டாம் என்று விடப்பட்டவை எல்லாம் அங்கே இருந்தன. செத்துப்போன செல்லத்தின் நினைவாக யாராவது அங்கே ஓர் அறையின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்த அறைக் கதவில் அதன் படமும் பெயரும் போட்ட தகடு மாட்டுவார்கள். அப்பா இதைக் கேட்டுவிட்டு வந்த அன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

"ஒரு அறை எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேன். படத்தை நீ எடுத்து வை" என்றார் சின்னவனிடம்.

"பேரு என்ன போடுவீங்க?" என்றாள் அம்மா.

"துரைன்னுதான்."

"துரைன்னு கூப்பிட்டு அது என்னைக்குத் திரும்பிப் பாத்திருக்கு? சனியன்னு போடுங்க."

"கதவுல சனியன்னு எழுதுனா உள்ள எந்த நாய்டி போகும்?"

அன்றைக்கு வீட்டில் பல நாளுக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. சின்னவன் மட்டும் சிரிக்கவில்லை. அவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். தேதி தேதியாகத் திறந்து பார்த்தான். ஊரில் பாதிப் பேரின் முகம் அதில் இருந்தது. முன்பல் விழுந்த குழந்தைகள், பல்லே இல்லாத பெரியவர்கள், ஒரு கடைக்காரரின் புது எடைமெஷின்கூட இருந்தது. துரை இல்லை. வீட்டில் யார் போனிலும் இல்லை. ஒவ்வொரு படத்திலும் ஓரத்துத் தரை மட்டும் அநியாயத்துக்குச் சுத்தமாக இருந்தது.

படம் எடுத்துப் பிழைக்கும் வீட்டில் சொந்த நாய்க்கு ஒரு படம் இல்லை. இருந்ததையும் அழித்தவன் இவன். இதை அப்பாவிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவர் இப்போதுதான் சாப்பிட ஆரம்பித்திருக்கிறார்.

அவன் சொல்லவில்லை. காப்பகத்தின் இணையப் பக்கத்திலேயே தேடி, 'வீடு தேடுகிறது' என்ற தலைப்பில் துரையின் சாயலில் ஒரு நாயைப் பிடித்தான். பழைய பதிவு. இந்நேரம் அது யார் வீட்டுச் சோபாவையோ கடித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் என்று தீர்மானித்தான். மூக்கைக் கறுப்பாக்கினான். துரைக்கு இடது முன்னங்கால் மட்டும் வெள்ளை. அதையும் பூசினான்.

அப்பா படத்தை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நல்லா வந்திருக்கு" என்றார்.

எப்படிப்பட்ட படத்துக்கும் வாடிக்கையாளரிடம் அவர் சொல்லும் வார்த்தை அது. சின்னவனுக்கு அப்போது அது உறைக்கவில்லை. தப்பித்தோம் என்று மட்டும் தோன்றியது.

காப்பகத்தில் வரிசையாகக் கம்பிக் கதவுகள். ஒவ்வொன்றிலும் ஒரு தகடு. எல்லாப் படங்களும் கோணல். ஒன்றில் பூனை நடுங்கியது, ஒன்றில் நாயைவிட அதைத் தூக்கியிருந்த பெண்ணின் கைக்கடிகாரம் தெளிவாக இருந்தது. துரையின் தகடுதான் பளிச்சென்று இருந்தது. அம்மா புடவைத் தலைப்பால் அதைத் துடைத்தாள். "சனியன், எவ்வளவு லட்சணமா இருக்கு பாருங்க" என்றாள்.

"குடும்பமா ஒரு படம் எடுத்துக் கொடுத்துடுங்க சார். கொடுத்தவங்கன்னு எங்க இணையப் பக்கத்துல போடுவோம். நான் எடுத்தா தலை வராது" என்றார் டாக்டரம்மா.

அப்பா கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினார். அம்மாவைக் கதவுக்கு இடப்பக்கமும் சின்னவனை வலப்பக்கமும் நிறுத்தினார். குனிந்து கேமராவில் கண்ணை வைத்தார். அப்போது முற்றத்திலிருந்து ஒரு பழுப்பு நாய் நொண்டிக்கொண்டே வந்து, இருவருக்கும் நடுவில், தகட்டுக்கு நேர் கீழே உட்கார்ந்தது.

"அதை அந்தப் பக்கம் தள்ளு" என்றார் அப்பா.

"ச்சூ, போ" என்றாள் அம்மா.

நாய் மறுபேச்சில்லாமல் எழுந்து போனது. அதற்குப் பழக்கம்தான் போலிருக்கிறது.

"ஏம்மா, அவனும் இருக்கட்டுமே. அவன் படம்தானே போட்டிருக்கீங்க" என்றார் டாக்டரம்மா.

டாக்டரம்மா தகட்டைக் காட்டினார்.

"நம்ம வாத்தியார்தானே இது? விடியறதுக்கு முன்னாடியே எல்லாரையும் எழுப்பி விட்டுடுவான், அதான் அந்தப் பேரு. மூக்கைக் கறுப்பாக்கி, ஒரு காலை வெள்ளையாக்கியிருக்கீங்க. உங்க நாய்ப் படம் ரெடியாகற வரைக்கும் சும்மா மாதிரிக்கு மாட்டியிருக்கீங்கன்னு நினைச்சேன்." அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"அவனுக்கு... வீடு கிடைக்கலையா?" என்றான் சின்னவன்.

"எங்க தம்பி. வர்றவங்க எல்லாம் குட்டிதான் கேக்கறாங்க."

அம்மா தகட்டையும் நாயையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னடா இது? நம்மது இல்லையா?"

சின்னவனின் காது இரண்டும் எரிந்தன. "நம்ம கிட்ட படமே இல்லம்மா" என்றான். "எல்லாத்தையும் நான்தான் அழிச்சேன்."

அப்பா கேமராவை விட்டு வந்தார். பையிலிருந்து திருப்புளியை எடுத்துத் தகட்டைக் கழற்ற ஆரம்பித்தார். தகடு மாட்ட வந்த மனிதர் பையில் திருப்புளி இருப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை என்பதைச் சின்னவன் அப்போதுதான் பார்த்தான்.

"உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"அந்த மூஞ்சிக்கு வெயில் வலப்பக்கம் இருந்து அடிக்குது. நீ பூசின காலுக்கு இடப்பக்கம் இருந்து அடிக்குது. ஒரே நாய்க்கு ரெண்டு சூரியனாடா?"

"அப்ப ஏன் சொல்லல?"

அப்பா கடைசித் திருகை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். "சொன்னா, வேற படம் எங்கன்னு கேக்கணும். நீ அழிச்சேன்னு சொல்லுவ. யாரு அழிக்கச் சொன்னாங்கன்னு அடுத்த கேள்வி வரும்." மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"இப்பகூடப் போன்னுதானே சொன்னேன்" என்றாள் அம்மா. அதை அவள் யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. வாத்தியார் தள்ளிப் போய் முற்றத்து மூலையில் படுத்திருந்தது. அம்மா அதன் அருகில் போய் நின்றாள். எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் சும்மா நின்றாள்.

டாக்டரம்மாவுக்குத்தான் பெரிய சங்கடம். நல்லது செய்ய வந்தவர்களைப் பிடித்துக் கொடுத்துவிட்டது போல நெளிந்தார். "படம் இல்லாட்டி என்ன சார், பேரு மட்டும் போட்டுக்கலாம்" என்றார்.

"அதைவிடக் கேவலம் வேற இல்லீங்க" என்றார் அப்பா. "நான் போட்டோகிராபர்."

கிளம்பும் முன் அவர் கேமராவுடன் தரையில் குப்புறப் படுத்து, வாத்தியாரை அது படுத்திருந்த இடத்திலேயே ஒரு படம் எடுத்தார். வீடு தேடும் விளம்பரத்துக்கு. மறுபடி ஒரு தடவை, அதன் சொந்த மூக்கோடு.

வீட்டுக்கு வந்ததும் சின்னவன், கம்ப்யூட்டரில் இல்லாமல் போன கல்யாணப் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி ஸ்கேன் செய்தான். அப்பா ஸ்டூலை இழுத்துப்போட்டுப் பின்னால் உட்கார்ந்தார். பக்கத்துச் சுவரையும் தரையையும் எடுத்துச் சின்னவன் பூச ஆரம்பித்தான். முதலில் அக்கா போனாள். அம்மா போனாள். அப்பாவை அழிக்கும்போது ஒரு கணம் நிறுத்தித் திரும்பிப் பார்த்தான். "ம், அழி" என்றார் அப்பா. தன்னை அழிக்கும்போது அவன் கை தவறவே இல்லை. கடைசியாக அத்தான்.

"ஷூ நுனி தெரியுது பார்."

அதையும் எடுத்தான். காலித் தரையும், ஓரத்தில் ஒரு வாலும் மிச்சம்.

"ரொம்ப மங்கலா இருக்குப்பா. தெளிவாக்கிடவா?"

அப்பா திரைக்குக் கிட்டே குனிந்தார். வெகு நேரம் பார்த்தார்.

"தொடாதே" என்றார். "நான் அந்தப் பக்கம் போன்னு கத்திக்கிட்டு இருந்திருக்கேன். அவன் வாலை ஆட்டிக்கிட்டு இருந்திருக்கான்."