கல்யாணக் கோட்டு

இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் அடுத்த வேளைச் சோறு எனக்குச் செரிக்காமல் போகட்டும். செத்தவர் விஷயத்தில் கதை அளக்கிற வயதைத் தாண்டியாயிற்று.

கோட்டின் இரண்டாவது பொத்தானைத் துளைக்குள் தள்ளுவதற்காக மகள் அப்பாவின் வயிற்றை முழங்கையால் அமுக்கிக்கொண்டிருந்தாள். அறைக்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. கூடத்தில் நாற்காலிகள் நிரம்பிவிட்டன, வாசலில் வண்டி வந்து நின்றுவிட்டது. நேற்று மதியம் போய்ச்சேர்ந்த அப்பா, இந்த அவசரத்துக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கட்டிலில் கிடந்தார்.

"ஆச்சாடீ?" கதவுக்கு வெளியே அம்மா.

"இதோம்மா, முடியப்போவுது."

"கல்யாணக் கோட்டு போட்டுத்தான் அனுப்பணும். போன மாசம்கூடப் போட்டுப் பாத்தாரு, கச்சிதமா இருந்துச்சு."

"நான்தான் பாத்தேனே" என்றார் மாமா. அம்மாவின் அண்ணன். ஊசிக்குச் சட்டை மாட்டிவிட்டதுபோல இருப்பார். 'எங்கண்ணனப் பாருங்க' என்ற வசனம் இல்லாமல் அந்த வீட்டில் அப்பா ஒரு வேளையும் சாப்பிட்டதில்லை.

டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டு, "எடையக் குறைங்க" என்று சொன்ன நாளிலிருந்து அம்மாவின் ஆட்சி. ஃபிரிட்ஜுக்குப் பூட்டு, சாவி அம்மாவின் கழுத்தில். முட்டையின் வெள்ளை அப்பாவுக்கு, மஞ்சள் குப்பைக்கு. பக்கத்து வீட்டில் எதையாவது வறுத்தால் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவாள். அதற்குள் அப்பா மூச்சை இழுத்துவிட்டால், மோந்ததற்குப் பன்னிரண்டு கலோரி என்று ராத்திரி சூப்பில் ஒரு கரண்டி குறையும். அப்படியும் ஒருநாள் அவருடைய சட்டைப் பொத்தான் தெறித்துப் போய் எதிர்வீட்டுக் கடிகாரத்தை நிறுத்திவிட்டது. அந்த வீட்டில் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போகவில்லை.

மகளுக்குக் கடைத்தெருவில் தையல்கடை. அடுத்த கடை பேக்கரி. நடைப்பயிற்சி என்று கிளம்புகிற அப்பா நேரே அங்கே வந்து, தையல் மெஷினுக்குப் பின்னால் ஒளிந்து, சர்க்கரை தூவிய பன் ஒன்றைத் தின்பார். அவர் தின்னத் தின்ன அவள் அவருடைய கால்சட்டை இடுப்பைப் பிரித்துத் தைத்துக் கொடுப்பாள். வீட்டுக்குப் போய், "பாத்தியா, இடுப்பு எவ்ளோ லூசு!" என்று அம்மாவுக்கு முன்னால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவார். அம்மா தலையாட்டுவாள்.

நேற்றும் பன் வாங்கிக் கொடுத்தாள். பாதியைத் தின்றுவிட்டு, "மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று போனவர்தான். வீட்டு நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார். அம்மா டாக்டருக்குப் போன் செய்ய எழுந்த நேரத்தில், கடையிலிருந்து ஓடிவந்த மகள் அவர் மீசையிலிருந்த சர்க்கரையைத் துடைத்துவிட்டாள்.

இப்போது கோட்டு ஏறாவிட்டால் அம்மா ஏன் என்று கேட்பாள். கேட்டால் பன்னில் போய் நிற்கும். பன் நெஞ்சில் போய் நிற்கும்.

அவள் கோட்டைக் கழற்றி உள்துணியைப் பிரித்தாள். மடிப்பில் எப்படியும் இரண்டு விரல் துணி இருக்கும், அதைப் பிரித்து எடுத்துவிட்டால் கோட்டு அகலமாகிவிடும்.

கத்தரி நின்றது.

மடிப்பில் துணியே இல்லை. ஓரம்வரை ஏற்கெனவே எடுத்து விட்டாயிற்று. அதுவும் போதாமல் அக்குளுக்குக் கீழே இரண்டு பக்கமும் கறுப்புக் குடைத்துணியில் ஒட்டுப் போட்டிருந்தது. எல்லாம் கைத்தையல். சின்னச் சின்னதாய், கொஞ்சம் கோணலாய், நெருக்கமாய். பிறந்ததிலிருந்து அந்த வீட்டுத் தலையணை உறைகளில் அவள் பார்த்த தையல்.

"கதவத் திற."

திறந்தாள். அம்மா மட்டும் உள்ளே வந்து மறுபடி தாழிட்டாள். பிரிந்துகிடந்த உள்துணியைப் பார்த்தாள். குடைத்துணியைப் பார்த்தாள். கூடத்தில் யாரோ இருமினார்கள்.

"போன மாசம் கச்சிதமா இருந்துச்சுன்னியேம்மா."

"போன மாசம் இருந்துச்சு."

"இனிமே எடுத்து விடத் துணி இல்லம்மா."

"என்ன உள்ள? வண்டிக்காரன் கத்துறான்!" என்று மாமா கதவைத் தட்டினார்.

"வெட்டு" என்றாள் அம்மா மெதுவாக. "முதுக யாரு பாக்கப்போறா."

கழுத்திலிருந்து கீழ்வரை கத்தரி ஒரே ஓட்டமாக ஓடியது. ஆளுக்கு ஒரு கையாக நுழைத்து, இரண்டு பாதியையும் முதுகுக்கடியில் செருகினார்கள். பொத்தான்கள் பூப்போல மாட்டிக்கொண்டன. அம்மா கைக்குட்டையின் நுனியை நாக்கில் நனைத்து அப்பாவின் மீசைக்குக் கொண்டுபோனாள்.

"நேத்தே துடைச்சிட்டேம்மா." சொன்ன பிறகுதான் மகளுக்கு உறைத்தது.

அம்மா துடைப்பதை நிறுத்தவில்லை.

"ஓரத்துல இருக்கு. எப்பவும் நீ ஓரத்த விட்டுடுவே."

அப்பாவைக் கூடத்துக்குத் தூக்கி வந்தார்கள். தூக்கிய நான்கு பேரின் முழங்காலும் மடங்கியதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

"எப்பிடி இளைச்சிட்டாரு பாருங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"கலோரி பாத்துப் பாத்துல்ல போட்டேன்" என்றாள் அம்மா.

"கல்யாணத்தன்னிக்கு நின்ன மாதிரியே இருக்காரு" என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தலைமாட்டில் வைக்கலாம் என்று, சமையலறை வாசலுக்கு மேலே பல வருஷமாகப் புகை குடித்துக்கொண்டிருந்த கல்யாணப் போட்டோவை யாரோ இறக்கிக் கொடுத்தார்கள். மகள் அதன் கண்ணாடியை, இந்தமுறை ஓரம் விடாமல், துடைத்தாள்.

அதில் அப்பா அரைக்கைச் சட்டையோடு நிற்கிறார். அந்தக் கோட்டைப் போட்டிருப்பது பக்கத்தில் நிற்கும் மாமா.